கோழி மூடியும் கூடைக் கிண்ணமும்

பழைய பால் கண்ணாடிச் சாமான் ஒன்றுகூடச் சுத்தமாக என் கைக்கு வந்ததில்லை. பால் கண்ணாடி என்றால் பால் குடிக்கிற டம்ளர் என்று நினைத்துவிட வேண்டாம். பாலைப் போல வெளுத்து, உள்ளே இருப்பதை வெளியே காட்டாத கண்ணாடி அது. போடிக்கு மேலே ஏலமலையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் இன்னும் அங்கங்கே கிடக்கிறது. பவுடர் டப்பா, சர்க்கரைக் கிண்ணம், விளக்குக் கூடு, கூடையில் கோழி உட்கார்ந்திருக்கிற மாதிரி மூடி போட்ட பாத்திரம் என்று விதவிதமாக. வெளியே பார்த்தால் அவ்வளவு வெள்ளை. மூடியைத் திறந்தால் கரப்பான் முட்டை, எலிப் புழுக்கை, எந்தக் காலத்திலோ உறைந்துபோன தலை எண்ணெய். ஒருமுறை ஒரு டப்பாவுக்குள் பல்செட்டு இருந்தது. கீழ்வரிசை மட்டும். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவு அருவருப்புப் படுகிறவள் எதற்காக இதைத் தேடித் தேடிப் போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்காத நாளில்லை.  ஏலக்காய் சேர்த்து வைக்கிற கிட்டங்கி ஒன்றில் முப்பது வருஷம் ரகம் பிரிக்கிற வேலை பார்த்தவள் நான். நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்துப் பார்த்துக் கண் வெள்ளையைத் தேடியதோ என்னவோ. விற்பனைக்கு வந்த ஒரு பங்களாவின் சாமான்களோடு ஒரு சர்க்கரைக் கிண்ணம் என் கைக்கு வந்தது. அதன் அடியில் எழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. செல்போனில் துழாவினேன். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகம் முழுக்க இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் ஊற்றி, மேலிருந்து ஒரு இரும்புக் கட்டையை இறக்கி அழுத்தி எடுப்பார்கள். அச்சின் பாதிகள் சேருகிற இடத்தில் மெல்லிய தழும்பு விழும். அதை விரலால்தான் கண்டுபிடிக்க முடியும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பழைய கண்ணாடியை வெயிலுக்கு நேரே பிடித்தால் விளிம்பில் செம்பும் பொன்னும் கலந்த ஒரு நெருப்பு ஓடும். இப்போது செய்வது பெரும்பாலும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மொத்தையாக, உயிரில்லாமல் நிற்கும். அடிப்பாகத்தில் வருஷக்கணக்காக மேஜையில் இழுபட்ட கீறல்கள் தாறுமாறாக இருக்க வேண்டும். ஏமாற்றுகிறவன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். அந்தக் கோடுகள் ஒரே திசையில் ஓடும். டீத்தண்ணீரில் ஊறப்போட்டுப் பழுப்பேற்றுகிறவர்களும் உண்டு. முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கம்பெனி மூடினால் அச்சை இன்னொரு கம்பெனி வாங்கும். பழைய முத்திரையைச் சுரண்டினாலும் சுரண்டும், விட்டாலும் விடும். அதனால் முத்திரை அச்சின் கதையைத்தான் சொல்லும், கண்ணாடியின் கதையை அல்ல.

இதெல்லாம் தெரிந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பரணில் வெள்ளையாக ஏதாவது அகப்பட்டாலும் என்னிடம் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். நானும் கிட்டங்கியில் தட்டில் வந்த காயைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழசு, புதுசு என்று அடித்துச் சொல்லி அனுப்பினேன். ஒருத்தராவது மறுத்துப் பேசியதில்லை.

அப்படித்தான் ஒருநாள் எங்கள் தெருக்காரி ஒருத்தி போனில் கூப்பிட்டாள். அவள் குடும்பத்துக்குப் போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டமும் அதிலே ஒரு பழைய பங்களாவும் இருக்கின்றன. அவளுடைய மாமனார் காலத்தில் தோட்டத்தைச் சட்டி பானை உட்பட அப்படியே வாங்கினார்கள். வாரத்தில் பாதி நாள் அவள் மேலேதான் இருப்பாள். என்னை மதினி என்று கூப்பிடுவாள்.

"மதினி, நாளைக்கு ஜீப்பு வரும், ஏறி வந்துருங்க. ஒரு களவைக் கையும் மெய்யுமாப் பிடிச்சு வச்சிருக்கேன். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

எனக்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஆகாது. மூன்றாவது வளைவிலேயே வயிறு கலங்க ஆரம்பிக்கும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் எலுமிச்சம்பழமுமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பங்களாவுக்குள் நுழைந்ததும் ஈரப் பூஞ்சை வாடையும் எங்கிருந்தோ பழைய வெற்றிலை வாடையும் வந்தன. மாமனார் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் படுத்திருந்த அறையை அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள். நாற்றம் தாங்காமல் யாரும் உள்ளே போகவில்லை என்று அவளே சொன்னாள். வீட்டு மனுஷன் இருந்த அறையை இரண்டு வருஷமாகக் கூட்டாமல் போட்டிருக்கிறார்களே என்று எனக்குக் குமட்டியது. ஆனாலும் அவள் கொடுத்த டீயை வாங்கிக் குடித்தேன்.

ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் எவர்சில்வர் தட்டில் ஒரு வெள்ளைக் கோழி உட்கார்ந்திருந்தது. அது ஒரு பாத்திரத்தின் மூடி. கீழே இருக்க வேண்டிய கூடைக் கிண்ணம் எப்போது காணாமல் போனது என்று அவளுக்கே தெரியாது. முன்னால் இங்கே வந்தபோதெல்லாம் நான் அந்தக் கோழியைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்திருந்தது. கூடை முடைந்த மாதிரியே வெளிப்பக்கம். சமையல்கட்டு வாசலில் அந்த வீட்டில் சமைக்கிறவள் நின்றாள். நாற்பது வயது இருக்கும். கீழே போடிக்குப் பக்கத்தில் இருக்கிற சிலமலைக்காரி. தினமும் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களோடு ஜீப்பில் ஏறி மேலே வந்து, சாயங்காலம் இறங்குகிறவள். அவளுக்குப் பின்னால் கொல்லைப்புறத்தில் தோட்டத்து வேலைக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். காய் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஜீப் டிரைவரும் நின்றான்.

"இவ மக சடங்குக்குப் போறேன் மதினி," என்று தெருக்காரி ஆரம்பித்தாள். "வாசல்ல பன்னீர்ச் செம்பு, சந்தனம், கல்கண்டு வச்சு வாங்க வாங்கன்னு கூப்புடுறாக. கல்கண்டு எதுல இருக்குங்கிறீங்க? எங்க வீட்டுக் கிண்ணத்துல! எனக்கு எப்படி இருக்கும்? அங்கனையே கொட்டிட்டுக் கையோட எடுத்துட்டு வந்துட்டேன்."

வயசுக்கு வந்த பிள்ளையை மணையில் உட்கார வைத்திருக்கிற வீட்டில், வந்தவர்கள் கண்ணெதிரே கல்கண்டைக் கீழே கொட்டியிருக்கிறாள். அதைப் பெருமையாக வேறு சொல்கிறாள்.

"அம்மா, அது நான் முடிக்கு வாங்குனது," என்றாள் சமையல்காரி. "எத்தனை தடவதான் சொல்றது?"

எங்கள் பக்கத்தில் தலை வாரும்போது உதிர்கிற முடியைப் பெண்கள் எறிவதில்லை. சுருட்டிச் சுருட்டி ஒரு பையில் அடைத்து ஆணியில் மாட்டி வைப்பார்கள். முடி வாங்குகிறவன் சைக்கிளில் வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு, ஊக்கோ கிளிப்போ ஏனம் பாத்திரமோ கொடுத்துவிட்டுப் போவான். சவரி செய்வதற்காம்.

"முடிக்கு ஊக்கு குடுப்பான், பிளாஸ்டிக் வாளி குடுப்பான். பால் கண்ணாடி குடுப்பானாக்கும்?"

"நாலு வருசத்து முடிம்மா. எனக்கும் எம் மக ரெண்டு பேருக்கும் சேர்த்து. அவன் சைக்கிள்ல ஈயப் போசியும் இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு. வெள்ளையா அம்சமா இருக்கேன்னு இதைக் கேட்டு வாங்குனேன்."

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தெருக்காரி என் பக்கம் திரும்பினாள். கிண்ணம் பழசு என்றால் அது கோழியோடு வந்தது, சமையல்காரி திருடி. புதுசு என்றால் அவள் முடி கொடுத்து வாங்கியது, அவள் நல்லவள். அவளுடைய பிழைப்பும் பேரும் என் வாயில் வந்து நின்றன. அது எனக்குத் தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததில் உள்ளுக்குள் ஒரு மிதப்புக்கூட இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆனால் முடி என்ற சொல்லைக் கேட்ட நிமிஷமே எனக்கு உடம்பு கூசிவிட்டது. ஆணியில் தொங்குகிற பை, அதற்குள் எண்ணெயும் பேனுமாக நாலு வருஷத்துச் சிக்கு. அதைத் தொட்ட கையால் அவன் கொடுத்த கிண்ணம். என்னால் அதை வெறும் விரலால் தொட முடியவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு எடுத்தேன். கண்ணாடியைத் துணி வழியாகத் தடவுவதும் ஒன்றுதான், தடவாமல் இருப்பதும் ஒன்றுதான். அடியைப் பார்த்தேன், கீறல் இருந்தது. எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. வெளியே மஞ்சு மூட்டம் இறங்கி வெயிலே இல்லை. கள்ள நோட்டுப் பார்க்கிற நீல டார்ச்சு ஒன்றை இதற்காகவே பையில் வைத்திருப்பேன்; அதை அடித்தால் பழைய கண்ணாடி சிலது பச்சையாகத் தெரியும். அன்றைக்கும் இருந்தது. எடுக்கவில்லை.

அலமாரியிலிருந்து கோழியை எடுத்து வந்து கிண்ணத்தின்மேல் வைத்தேன். உட்கார்ந்தது. லேசாக ஆட்டியபோது கடகடவென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நான் சல்லடைக்காரி. எட்டு எம்.எம். சல்லடையில் காயைக் கொட்டிக் குலுக்கினால் விழுவது விழும், நிற்பது எட்டு. ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. காய் காயக் காயச் சுருங்கத்தான் செய்யும். முப்பது வருஷம் அப்படிக் குலுக்கிய கை, கண்ணாடியையும் அப்படியே குலுக்கியது. நின்றது என்றால் அந்த ரகம். அவ்வளவுதான் என் புத்தி.

"ஜோடிதான்," என்றேன். "கோழியும் கிண்ணமும் ஒண்ணாப் பிறந்தது."

சமையல்காரி ஓரடி முன்னால் வந்தாள். "அக்கா, இன்னொரு தடவ நல்லாப் பாருங்கக்கா. நீங்க சொல்றதுதான் நிக்கும்."

எனக்குச் சுரீரென்று வந்தது. "முப்பது வருசம் காய் பார்த்தவ நான். பார்க்கிறதுக்கு எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

 அன்றைக்கே அவளைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் இறங்கின அதே ஜீப்பில் நானும் முன் சீட்டில் வந்தேன். பின்னால் அவள் இருந்தாளா, எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

மழைக்காலம் போய்ப் பனி ஆரம்பித்த பிறகு மறுபடி அந்தப் பங்களாவுக்குப் போனேன். கோழியையும் கிண்ணத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அனுப்பி, எந்தக் கம்பெனி செய்தது என்று கேட்க வேண்டும் என்று ஆசை. காலை வெயில் ஹாலுக்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது. அலமாரிக்குள் கிண்ணத்தின்மேல் கோழி. அதைப் பார்த்தபடியே செல்போனை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

கோழியின் வாலும் கொண்டையும் மூடியின் விளிம்பும் நெருப்பாக எரிந்தன. அதற்குக் கீழே கிண்ணம் செத்த வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டு நிறம் இல்லை.

அலமாரியைத் திறந்து கிண்ணத்தை எடுத்தேன், இந்தத் தடவை வெறும் கையால். வெளிப்பக்கத்துத் தழும்பு விரலை அறுக்கிற மாதிரி கூராக இருந்தது. கோழியின் தழும்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. அடிக் கீறல்கள் எல்லாம் ஒரே பக்கம் ஓடின. திரைச்சீலையை இழுத்துவிட்டு நீல டார்ச்சை அடித்தேன். கோழி மங்கலான பச்சையாகத் தெரிந்தது, கிண்ணம் வெறும் ஊதா. அது மட்டுமே தீர்ப்பு ஆகாது. ஆனால் இரண்டும் ஒரே உலையில் காய்ச்சியவை இல்லை என்பதற்குப் போதும். அந்தக் கடகடச் சத்தத்துக்கும் காரணம் அப்போது உறைத்தது. பழைய பாத்திரம் ஒன்றை வைத்து அதன்மேல் அச்சு எடுத்து நகல் வார்ப்பார்கள். ஆறும்போது கண்ணாடி சுருங்கும். அதனால் நகல் எப்போதும் அசலைவிட ஒரு நூல் சின்னதாக இருக்கும். நான் கணக்கில் எடுக்காமல் விட்டது அந்த ஒரு நூலைத்தான். வடக்கே எங்கோ சமீபத்தில் வார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விலை போகாமல் சைக்கிள்காரன் கைக்கு வந்த கிண்ணம். முடிக்கு வாங்கியதுதான்.

 அந்த நேரம் பார்த்துத் தெருக்காரி உள்ளேயிருந்து வந்தாள். கையில் வறுத்த முந்திரி.

"ஏம்மா, இந்தக் கிண்ணம் உங்களோடது இல்லை," என்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது அவ வாங்குனதுதான்."

அவள் முகம் மாறவே இல்லை. "தெரியும் மதினி."

"தெரியுமா?"

"மாமா ரூமு நாத்தம் ஹால் வரைக்கும் வந்துருச்சுன்னு ஆளை விட்டுக் கழுவச் சொன்னோம்ல. கட்டிலுக்கு அடியில எங்க கிண்ணம் கெடக்கு. மனுசன் படுத்துக்கிட்டே வெத்தலை துப்புறதுக்கு வச்சிருந்திருக்காரு. கருமம். பின்னால வாளியில ஊறிக்கிட்டுக் கெடக்கு, எத்தனை பினாயில் ஊத்துனாலும் போக மாட்டேங்குது. இதுதான் பளிச்சுன்னு இருக்கேன்னு கோழிக்கு இதையே வச்சுட்டேன்."

இதைச் சொல்லிக்கொண்டே ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டாள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ அசிங்கங்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். அவள் அதை மென்ற மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

கொல்லைப்புறம் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாளி. கலங்கிய தண்ணீருக்குள் கிண்ணம் கிடந்தது. கையை விட்டு எடுத்தேன். கூடை முடைச்சல் இடுக்குகளில் கறுஞ்சிவப்பாக ஏறிய வெற்றிலைக் கறை, உள்ளே சுண்ணாம்பும் கோழையும் சேர்ந்து காய்ந்து கல்லாகிப்போன ஒரு படலம். ஓங்கரித்தது. இருந்தாலும் விடவில்லை. குழாயில் காட்டி நகத்தால் சுரண்டி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். கறை இல்லாத இடத்திலெல்லாம் விளிம்பு எரிந்தது. உள்ளே கொண்டுபோய்க் கோழியை அதன்மேல் வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை.

"கெடைச்ச அன்னைக்கே அவகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? நான் போயி அவ கால்ல விழணுமாக்கும்? அதான் வேற ஆளு வந்து சமைக்குதுல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு மதினி. ஜோடின்னு நானா சொன்னேன்? நீங்கதானே சொன்னீங்க."

 சமையல்காரியின் கிண்ணத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் பைக்குள் வைத்தேன்.

"அப்ப கோழியை எதுல வைக்கிறது?"

"உங்க மாமனார் கிண்ணந்தான் இருக்கே. வெள்ளைக்காரன் காலத்துது. விருந்தாளி வந்தா அதுலயே முந்திரி வச்சுக் குடுங்க."

அவள் என்னோடு அதற்கப்புறம் பேசுவதில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் பஸ் பிடித்துச் சிலமலைக்குப் போனேன். சமையல்காரி தக்காளித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டிவிட்டு வரப்புக்கு வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: விளிம்பு நெருப்பு, கீறல், டார்ச்சு, கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தொட்டதையும் சொன்னேன். அவள் முடியை நினைத்து எனக்குக் குமட்டியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மன்னித்துவிடு என்றேன்.

"அது என்னுதுன்னு எனக்கு வந்து சொல்றீங்களேக்கா," என்றாள். "எனக்குத் தெரியாதா?"

 அவள் சொன்னாள்: வேறு ஒரு தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை கிடைத்ததாம். அதே ஜீப்தான். முதல் நாள் ஏறி உட்கார்ந்ததும், காலடியில் வைத்திருந்த தூக்குவாளிகளைப் பெண்கள் ஒவ்வொருத்தராக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்களாம்.  மேலே போய்ச் சேருகிறவரை அப்படியே பிடித்திருந்தார்களாம்.

"பழைய சோறும் ஊறுகாயும்க்கா அதுக்குள்ள இருக்கிறது. அதைப் போயி நான் எடுத்துருவேனாம்." மறுநாளிலிருந்து அவள் ஜீப் ஏறவில்லை. "சொல்லணும்னா ஜீப்புல சொல்லுங்க. அவளுக நம்புனா நான் மேல போவேன். கூலியும் அங்கதான் கூட."

அன்று ராத்திரி போடிக்குத் திரும்பவில்லை. சிலமலையிலேயே தெரிந்தவர் வீட்டில் படுத்து, விடியும்போது ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டேன். அவளும் வந்திருந்தாள். தலை வாரி, சோத்துப் போசியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, டீக்கடைத் தட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். வேலைக்குப் போகிறவள் மாதிரியே வந்திருந்தாள். 

ஜீப்புக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பங்களாக் கொல்லையில் நின்றவர்கள் பாதிக்குமேல். நான் பின்பக்கம் போய் நின்று கிண்ணத்தை எடுத்துக் காட்டினேன்.

"இது அவ முடி குடுத்து வாங்குன கிண்ணம். திருடுனது இல்லை. பங்களாக் கிண்ணம் பங்களாவுலயே கெடச்சிருச்சு. நான்தான் சரியாப் பார்க்காம அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இப்ப நல்லாப் பார்த்துட்டேன். இது புதுக் கண்ணாடி. சத்தியமாச் சொல்றேன், அவ மேல ஒரு குத்தமும் இல்லை."

அப்போது வெயில் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தாலும் இதில் காட்டுவதற்கு நெருப்பு இல்லை. நெருப்பு இல்லாததுதான் சாட்சி. அதை எப்படி ஜீப்பில் இருக்கிறவர்களுக்குக் காட்டுவது? அவர்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த வயசான பெண் வாயைத் திறந்தாள். அவளும் அன்றைக்கு அங்கே நின்றவள்தான். அவள் குரலில் குத்தலே இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

"அன்னைக்கும் இப்படித்தான்மா அடிச்சுச் சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. இன்னொருத்தி டிரைவரைப் பார்த்து, "வெரசா எடுண்ணே, மேட்டுல லோடு லாரி வந்தா நின்னுபோவோம்," என்றாள். டிரைவர் திரும்பிச் சமையல்காரியைப் பார்த்தான், ஏறுகிறாயா என்கிற மாதிரி. அவள் ஜீப்புக்குள் பார்த்தாள். காலடியில் இருந்த தூக்குவாளிகளில் இரண்டு அதற்குள் மடிக்குப் போயிருந்தன. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ஜீப் போன பிறகு நான் எதையோ சொல்லத் தொடங்கினேன். "விடுங்கக்கா, எனக்குச் சோலி கெடக்கு," என்று கையை நீட்டினாள். கிண்ணத்தைக் கொடுத்தேன்.

அவள் வீட்டுக்குப் போகத் தெரு முழுவதையும் தாண்ட வேண்டும். அந்நேரத்துக்கு வாசல் தெளிக்கிறவர்கள் எல்லா வீட்டுக்கு முன்னாலும் நின்றார்கள். அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன்னுடைய கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்து, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்தாள்.